மார்க்கு தெரிகிறது, மனசு தெரிகிறதா?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகும் காலை. விருதுநகர் மாவட்டத்தில் டீக்கடை முதல் தீப்பெட்டி ஆபீஸ் வரை ஒரே பேச்சு: "இந்த வருஷம் நம்ம மாவட்டம் எத்தனாவது இடம்?" பல ஆண்டுகள் தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. 2017-லும் 2018-லும் அந்தப் பெருமை இதற்கே கிட்டியது. வானம் பார்த்த கரிசல் பூமியில், மழை பொய்த்தால் பட்டாசே கதி என்று வாழும் ஜனங்கள் பிள்ளைகளின் படிப்பில் இவ்வளவு அக்கறை காட்டுவது போற்றத்தக்கதே.

ஆனால் அந்தப் பட்டியலில் ஏறாத கணக்கு ஒன்று உண்டு. தேறிய பிள்ளையிடமும் தவறிய பிள்ளையிடமும் ஒருங்கே ஒளிந்திருக்கக்கூடிய மனச்சோர்வுதான் அது.

சோம்பல் அல்ல, நோய்

உலகில் 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறையால் வாடுவதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்கு இத்தகைய குறை இருப்பதைக் காட்டியது. அறுபது பேர் படிக்கும் வகுப்பு என்றால் நான்கு பிள்ளைகள்!

"எங்கள் காலத்தில் கஞ்சிக்கே வழியில்லை, அப்போது வராத மனச்சோர்வா இப்போது வந்துவிட்டது?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அப்போதும் வந்தது. அதற்குப் பெயர்தான் வேறாக இருந்தது. "திமிர்" என்றார்கள், "சோம்பல்" என்றார்கள், சில வீடுகளில் "காத்துக் கருப்பு" என்று வேப்பிலை அடித்தார்கள்.

பெரியவர்களின் சோர்வு முகவாட்டத்தில் தெரியும். பிள்ளைகளிடமோ அது பல சமயம் எரிச்சலாக வெளிப்படும். எடுத்ததற்கெல்லாம் சீறி விழுதல், தூக்கம் கெடுதல், விளையாட்டில் விருப்பமின்மை, காரணம் தெரியாத வயிற்றுவலி, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு: இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டவேண்டிய விஷயம். கண்டிப்பினால் தீரக்கூடியதல்ல.

பட்டாசு நாட்டின் பாரம்

சிவகாசிப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தனியான சுமையும் உண்டு. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, அபாயகரமான தொழிலில் அமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும், குழந்தை பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மருந்துக் கறை படிந்த பிஞ்சு விரல்கள் பென்சில் பிடித்தன. அது பெரிய வெற்றி.

ஆனால் தாயும் தகப்பனும் இன்னும் பட்டாசு ஆபீசில்தான் வேலை செய்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்து ஒன்றிலேயே முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் வகுப்பிலிருக்கும் பிள்ளையின் நெஞ்சு எப்படிப் பதறும்! சரவெடிக்கும் பேரியத்துக்கும் 2018-ல் தடை வந்தபோது பல குடும்பங்களின் கூலியும் ஆட்டம் கண்டது. இத்தனைக்கும் நடுவில், "நீயாவது படித்து முன்னுக்கு வா" என்ற சொல் பிள்ளையின் தோளில் ஏறுகிறது. அன்பினால் சொல்வதுதான். ஆனாலும் கனமான சொல்.

ஆராய்ச்சி காட்டும் வழி

இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையுள்ள 439 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2004-ல் வெளியாயிற்று. மருந்தும் பேச்சு வழிச் சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 12 வாரத்தில் நூற்றுக்கு 71 பேர் தேறினார்கள். வெறும் போலி மாத்திரை பெற்றவர்களில் 35 பேர்தான். மருந்து மட்டும் பெற்றோர் 61. பேச்சு மட்டும் பெற்றோர் 43. இளம் வயதினருக்கு இம்மருந்துகளை டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில்தான் தரவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

வருமுன் காப்பது எப்படி? இங்கிலாந்தில் 85 பள்ளிகளில் ஆசிரியர்களைக் கொண்டு மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சி தந்து பார்த்தார்கள். அதனால் தனிப் பலன் இல்லை என்று 2022-ல் தெரிந்தது. பீகாரில் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த சோதனை 2018-ல் வெளிவந்தது. சில பள்ளிகளில் ஆசிரியரிடமே பொறுப்பைத் தந்தார்கள். வேறு சிலவற்றில் இதற்கென்றே பயிற்சி பெற்ற சாதாரண ஆள் ஒருவரை நியமித்தார்கள். அவர் டாக்டர் அல்ல. பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, தனியே உட்கார்ந்து பேச ஓர் இடம்: இவைதாம் அவருடைய கருவிகள். அவர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்துவதும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் மாற்றம் காணவில்லை.

ஆசிரியர்கள் மீது குறையில்லை. பாடமும் பரீட்சையும் அவர்கள் கழுத்தை நெரிக்கின்றன. மேலும், மார்க்கு போடும் கையிடம் மனக்குறையைச் சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சென்னையில் 1986-ல் சிநேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றோர் வற்புறுத்தியதன் பேரில், பரீட்சையில் தவறியோர் ஓராண்டை இழக்காமல் உடனே மறுபடி எழுதும் ஏற்பாடு 2003-ல் வந்தது. பரீட்சைத் தோல்வியால் உயிரை மாய்த்துக்கொள்ளும் கொடுமை அதன்பின் குறைந்தது. ஒரு சிறு விதி மாற்றம் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமல் காத்தது!

ஒரு பிடி அரிசி

ஆகவே செய்யவேண்டியது மலையைப் புரட்டும் காரியமல்ல. பட்டாசுப் பகுதியின் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் மார்க்கு போடாத ஒருவர் வேண்டும். பட்டாசுத் தொழிலாளியின் பட்டம் பெற்ற மகளே அந்த வேலைக்குப் பொருத்தமானவள். வீட்டு நிலவரம் அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பயிற்சி தரவும், முற்றிய நோயாளிகளைக் கவனிக்கவும் 2022-ல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "சாகணும்போல் இருக்கிறதா?" என்று பிள்ளையிடம் நேராகக் கேட்கப் பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை, கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

பணத்துக்கு எங்கே போவது? அந்தக் கேள்விக்கு விருதுநகர் முன்பே விடை கண்ட ஊர். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையை வளர்த்தது வியாபாரிகளின் மகமையும், வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியும் அல்லவா? சமைக்குமுன் ஒரு பிடி. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளின் அறிவுக்காக அன்று பிடி அரிசி எடுத்த ஊர், அவர்களுடைய மனத்துக்காக இன்று கை நீட்டாமல் இருக்காது. அடுத்த பரீட்சை முடிவு வருமுன் அந்தக் கை நீளட்டும்.