ஐந்து ஆண்டு யாருக்குக் கொடுத்தோம்?

புக்கிட் மேரா வாழ் தமிழ்க் குடும்பங்களே, உங்களிடம் ஒரு கேள்வி.

2020 ஜூலை 10. முகக்கவசம் போட்டு வரிசையில் நின்று வாக்களித்தீர்கள். தெலுக் பிளாங்கா அப்போது வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் இருந்தது. வென்ற ஐந்து பேரில் சிறுபான்மையினர் ஒரே ஒருவர்: திரு. ஈஸ்வரன். 2024 ஜனவரியில் அவர் பதவி விலகினார். அவருடைய வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொண்டது, அது வேறு கதை. நான் கேட்பது அந்த நாற்காலியைப் பற்றி. 2025 மே 3 பொதுத்தேர்தல் வரை, 15 மாதத்துக்கு மேல், அது காலி! இடைத்தேர்தல் இல்லை.

சிறுபான்மையினர் ஒருவராவது நாடாளுமன்றம் போக வேண்டும் என்று சொல்லித்தானே 1988இல் குழுத்தொகுதியைக் கொண்டுவந்தார்கள்? உள்ளே நுழைய மட்டும் நாம் வேண்டும், பாதியில் அந்த இடம் காலியானால் பரவாயில்லையா?

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. குழுத்தொகுதியில் அத்தனை இடமும் காலியானால்தான் இடைத்தேர்தல். 2017இல் திருமதி ஹலிமா யாக்கோப் மார்சிலிங்-இயூ டீயிலிருந்து விலகியபோது ஒருவர் வழக்குப் போட்டார். விலகியவர் சிறுபான்மை உறுப்பினரே ஆனாலும் இடைத்தேர்தல் நடத்தும் கடமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. ஓர் உறுப்பினர் விலகுவேன் என்று மிரட்டித் தன் அணியையே ஆட்டிவைக்கக் கூடாது என்பது அரசாங்கம் சொன்ன காரணம். அணியின் கவலை சரி. வாக்காளர் கவலை?

தனித்தொகுதிக்கு நிலைமை கொஞ்சம் மேல். அதைப் பெற்றுத் தந்தது யார் தெரியுமா? ஹவ்காங்கில் துப்புரவு வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்! 2012இல் தன் தொகுதி காலியானதும் பிரதமர் மீதே வழக்குக்குப் போனார். நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை நாள் நியாயம் என்பதற்குக் கணக்கு மட்டும் இல்லை. 1963 அரசமைப்பில் அந்தக் கணக்கு இருந்தது: மூன்று மாதம். 1965 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

அந்த மூன்று மாதத்தைத் திரும்பக் கேட்போம். குழுத்தொகுதியில் சிறுபான்மை உறுப்பினர் போனால், அந்த ஓர் இடத்துக்காவது தேர்தல் வேண்டும்.

மக்கள் சந்திப்பு இரவில் மின்தூக்கி, வாடகை, பிள்ளையின் பள்ளி என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். அடுத்த முறை அதே தாளில் இதையும் ஒரு வரி எழுதுங்கள். பதில் கடிதம் வந்தால் பத்திரமாக வையுங்கள்.