பிரேக்கை மிதிக்கும் முன்...

போன சனிக்கிழமை சிம்பாங் பூலாயில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். படிவம் 4 படிக்கும் அக்கா மகன் ஃபிசிக்ஸ் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "மாமா, ஒரு கார் எத்தனை மீட்டர்ல நிக்கும்னு கண்டுபிடிச்சு நான் என்ன செய்யப் போறேன்?" என்றான்.

அந்த வயதில் எனக்கும் இதே கேள்விதான். "வா, நம்ம ரோட்டையே கணக்காப் போடுவோம்" என்றேன். கல்லுடைக்கும் குவாரி லோரிகளும் கேமரன் மலைக்கு ஏறி இறங்கும் வண்டிகளும் ஓயாத ஊராயிற்றே!

சீரான முடுக்கக் கணக்கில் வருபவை ஐந்தே ஐந்து: தொடக்க வேகம், இறுதி வேகம், முடுக்கம், நேரம், தூரம். மூன்று தெரிந்தால் மற்ற இரண்டும் கிடைத்துவிடும். முதலில் தெரிந்ததை எழுத வேண்டும், பிறகு கேட்டதை. நேரம் தரவும் இல்லை, கேட்கவும் இல்லை என்றால் நேரம் வராத சூத்திரத்தை எடுக்க வேண்டும்:

இறுதி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × தூரம்.

பள்ளிக்கூட வாசலில் மணிக்கு 30 கிலோமீட்டர். 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 8.3 மீட்டர். இப்படி மாற்ற மறந்துதான் பலர் புள்ளிகளை விடுகிறார்கள். கார் நின்றுவிட்டால் இறுதி வேகம் 0. காய்ந்த சாலையில் நல்ல பிரேக், ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் சுமார் 7 மீட்டரைக் குறைக்கும். குறைவதால் முடுக்கம் –7. விடை, ஏறக்குறைய 5 மீட்டர்.

"அவ்வளவுதானா?" என்றான்.

"பிள்ளை குறுக்கே ஓடுறதைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடியாவது ஆகும்டா. அதுவரைக்கும் கார் அதே வேகத்துலதானே போகும்?"

அந்த 8.3 மீட்டரையும் கூட்டினான். 13.3 மீட்டர்.

அடுத்து, அதே வாசலில் 50 கிலோமீட்டர். விநாடிக்கு 13.9 மீட்டர். பென்சில் நின்றது.

"மாமா, 30-ல வந்த கார் 13.3 மீட்டர்லயே நின்னுடுச்சு. 50-ல வந்தவரு அந்த இடத்தைத் தாண்டும்போது இன்னும் பிரேக்கையே மிதிக்கலையே!"

மொத்தக் கணக்கையும் போட்டான். 50-இல் வந்த கார் நிற்க ஏறக்குறைய 28 மீட்டர். மழையில் பிரேக்கின் பிடி பாதியானால், பிரேக் போட்ட பிறகு ஓடும் தூரம் இரட்டிப்பாகும்.

நான் பேசவில்லை. வானொலியில் "கவனமாக ஓட்டுங்கள், நேயர்களே" என்று தினமும் சொல்பவன் நான். நிகழ்ச்சிக்குத் தாமதமான நாள்களில், "ஐம்பதுதானே, மெதுவாகத்தானே போகிறோம்" என்று பள்ளிக்கூட வாசலைக் கடந்தவனும் நான்தான். குறுக்கே ஒரு பிள்ளை வராமல் போனது என் திறமையல்ல.

உங்கள் வீட்டிலும் படிவம் 4 பிள்ளை இருந்தால், நீங்கள் பள்ளி வாசலை எந்த வேகத்தில் கடக்கிறீர்கள் என்று உண்மையைச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பாடம் புரியும். திங்கட்கிழமை காலை வண்டி எடுக்கும்போது, அந்த விடை உங்களுக்கும் ஞாபகம் வரும்.