வடிகட்டியின் துளைகளைப் பெரிதாக்கியவர்

கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் அமெரிக்க உயிரியலாளர் ஜுவல் பிளம்மர் காபுக்கு நியூயார்க் பல்கலைக்கழகம் முதலில் உதவித்தொகை தர மறுத்தது. அவர் நேரிலேயே போய் நின்றார். அவருடைய தகுதிகளைக் கண்டபின் கதவு திறந்தது. 1950இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது: நேரில் போக வழியில்லாமல் கடிதத்தோடு திரும்பியவர்கள் எத்தனை பேர்?

அந்தக் கேள்வியைக் காப் மறக்கவேயில்லை. நிறமியான மெலனினும் தோல் புற்றுநோயும் அவரது ஆய்வுக்களம். மனிதக் கட்டியிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, புற்றுநோய் மருந்துகள் அவற்றை என்ன செய்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தவர். 1979இல் எழுதிய கட்டுரையில், அதே ஆய்வகக் கண்ணோடு அறிவியல் துறையையும் ஆராய்ந்தார். துறைக்குள் நுழைவோரைச் சலிக்கும் வடிகட்டியில் பெண்களுக்கான துளைகள் மட்டும் சிறியவை என்றார். திறமை குறைவு என்ற பழைய சமாதானத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

சொன்னதோடு நிற்கவில்லை. கனெக்டிகட் கல்லூரியில் புலமுதல்வராக இருந்தபோது, சிறுபான்மை மாணவர்கள் மருத்துவப் படிப்புக்குத் தயாராகத் தனித் திட்டம் தொடங்கினார். வேறு கல்லூரிகளும் அதைப் பின்பற்றின. 1981 முதல் 1990 வரை கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்டன் வளாகத்துக்குத் தலைவர். அங்குள்ள மாணவர் விடுதி இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. இளம்வயதில் மிச்சிகன் பல்கலைக்கழக விடுதியின் நிறப்பாகுபாடு பொறுக்காமல் வெளியேறியவருக்கு இது பொருத்தமான மரியாதைதான். ஆனால் போதாது. அவரைக் கொண்டாடும் நிறுவனங்கள், உதவித்தொகை யாருக்குப் போகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடட்டும்.