ஆறிப்போன தார்!

வெயில்தான் குற்றவாளியாம்! போட்டு ஓராண்டு நிறையாத தார்ச்சாலை வாய் பிளந்தால் வெயிலைக் கைகாட்டுகிறார்கள். வெயில் இல்லாத மாதமானால் மழையைச் சொல்கிறார்கள். இரண்டும் பொருந்தவில்லையா? இருக்கவே இருக்கிறான் ரோலர் ஓட்டிய ஏழை! அவன் தலையில் பழியை ஏற்றிவிட்டு, அடுத்த ஒப்பந்தத்துக்கு ஆயத்தமாகி விடுகிறார்கள்.

திருக்கோகர்ணத்துத் தோழர் ஒருவர் அண்மையில் நம்மை அழைத்துப்போய் ஒரு சாலையைக் காட்டினார். ஓரிடத்தில் ஜல்லி பெயர்ந்து சொரசொரத்த திட்டு. அதன் விளிம்பிலிருந்து கீற்றாக ஓடும் வெடிப்பு. அடி எண்ணிக்கொண்டே நடந்தோம். கொஞ்ச தூரம் வழவழப்பு. பிறகு ஒரு திட்டு. ஏறத்தாழ அதே தூரம் கடந்ததும் இன்னொரு திட்டு! வெயில் என்ன, அடிக்கோல் பிடித்தா அடிக்கிறது? மழை என்ன, அளந்து பார்த்தா பெய்கிறது? இப்படி முறை வைத்து வரும் திட்டுகள், ஒரு லாரிச் சரக்கு தீர்ந்து மறு லாரிச் சரக்கு தொடங்கும் இடங்களில் விழுபவை. சாலையைத் தெரிந்தவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

கேழ்வரகுக் களி கிண்டிய வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சூட்டோடு உருட்டினால் உருண்டை வழவழவென்று சேரும். ஆறவிட்டு உருட்டிப் பாருங்கள். விரிசல் விடும், விண்டு விழும். தார்க் கலவைக்கும் அதே நியாயந்தான். (நிலக்கீல் என்று எழுதச் சொல்லும் நண்பர்கள் பொறுத்தருள்க. ஊர் தார் என்கிறது. நாமும் அப்படியே சொல்வோம்.) கலவை ஆலையில் கொதிக்கக் கொதிக்க லாரியில் ஏறுகிறது. வழியெல்லாம் காற்றுப்பட்டு, மேலேயும் ஓரத்திலேயும் ஆடை கட்டுகிறது; நடுவில் சூடு இருக்கிறது. வந்து சேர்ந்தால் முன்னே நாலு லாரி வரிசை. பேவர் இயந்திரத்தில் கொட்டும்போது அந்த ஆறிய கட்டிகளும் சேர்ந்தே விழுகின்றன. பேவர் தொட்டியின் இருபுறமும் தங்கி ஆறிய மிச்சத்தை லாரிக்கு லாரி மடக்கி உள்ளே தள்ளுகிறார்கள். அதுதான் திட்டாக விரிகிறது. ரோலர் அதன் மீது பத்துமுறை ஏறி இறங்கினாலும் இறுகுவதில்லை. பார்வைக்குக் கறுப்பாக, கச்சிதமாகத்தான் இருக்கும். திறப்புவிழாப் படத்துக்கு அது போதும்! உள்ளே மட்டும் காற்றுப்பொந்து. அந்தப் பொந்து வழியே காற்று புகுந்து தாரை முறுக வைக்கிறது. தண்ணீர் புகுந்து ஜல்லியைக் கழற்றுகிறது. பிறகு வெடிப்பு, பிறகு பள்ளம், பிறகு சைக்கிளில் வேலைக்குப் போகிறவனின் முழங்கால்.

இது நம் கற்பனையல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1996-ஆம் ஆண்டு ஸ்டீவன் ரீட் என்ற மாணவர் இதையே ஆராய்ந்து ஆய்வேடு எழுதினார். அதைத் தொடர்ந்து அந்த மாநிலத்துச் சாலைத்துறை, வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவோடு சாலைப்பணிகளுக்கே போனது. ஒரே சாலை, ஒரே கலவை, ஒரே நாள். ஆனால் இடத்துக்கு இடம் சூடு வேறு! பக்கத்துப் பகுதியைவிட 14 டிகிரி செல்சியசுக்கு மேல் ஆறிய இடங்களில் இறுக்கம் குறைவதாகக் கண்டார்கள். காற்றிடம் 7 விழுக்காட்டைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் சாலையின் ஆயுளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகும் என்று 1989-லேயே அங்கு கணக்கிட்டிருந்தார்கள்.

"அது குளிர்நாட்டுச் சங்கதி. புதுக்கோட்டை வெயிலில் தார் ஆறுமா?" என்று கேட்கும் மேதைகள் உண்டு. கேட்கட்டும். நம்மூர்ச் சித்திரை வெயில் எவ்வளவு? 40 டிகிரி. ஆலையில் கலவையின் சூடு எவ்வளவு? வி.ஜி. 30 என்னும் தார் வகையானால் 150 முதல் 165 டிகிரி. இடைவெளி 110 டிகிரிக்கு மேல்! இந்த வித்தியாசத்தில் ஆறாத பண்டம் உலகில் உண்டா? பரப்பும்போது 140-க்குக் குறையக்கூடாது, 90-க்கு இறங்குமுன் உருட்டி முடிக்கவேண்டும் என்று ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2013-ஆம் ஆண்டு விதிநூலே சொல்கிறது. மெல்லிய பூச்சாகப் போட்டால் இன்னும் விரைவில் ஆறும். தெருக்களில் போடுவதோ பெரும்பாலும் மெல்லிய பூச்சு!

எல்லா வெடிப்புக்கும் இதுவே காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. அடித்தளம் சரியில்லாமலும் வெடிக்கும். அளவுக்குமேல் பாரம் ஏற்றிய லாரியாலும் வெடிக்கும். நேற்றுப் போட்ட சாலையை இன்று குழாய்க்காகத் தோண்டினாலும் வெடிக்கும். ஆனால் இந்தக் காரணம் ஒன்றைத் தடுக்கப் பெரும்பணம் வேண்டியதில்லை என்பதால்தான் கோபம் வருகிறது. லாரிக்கு ஒரு தார்ப்பாய், அதுவும் ஓரம்வரை இழுத்துக் கட்டியது. கையடக்கமான வெப்பமானி ஒன்று. பேவர் நிற்காமல் ஓடும்படி லாரிகளை அனுப்பும் ஒழுங்கு. இவற்றுக்கா பஞ்சம்?

பஞ்சம் வேறொன்றுக்கு. காலைச் சுடும் கலவைக்குப் பக்கத்தில் நின்று கரண்டி பிடிக்கும் தொழிலாளிக்கு, இந்தச் சரக்கு ஆறிவிட்டது என்று கண்ணால் பார்த்தே தெரியும். கட்டி கட்டியாக விழுவதும், ஆவி அடங்கியிருப்பதும் அவன் அறியாததா? ஆனால் "திருப்பி அனுப்பு" என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. சொன்னால் மறுநாள் கூலி இல்லை. திருப்பி அனுப்பும் அதிகாரம் உடைய பொறியாளர், அந்த நேரம் அந்த இடத்தில் வெப்பமானியோடு நிற்கிறாரா? அதுதான் கேள்வி.

ஆகவே நாம் கேட்பது இது: ஒவ்வொரு லாரியும் ஆலையைவிட்டுப் புறப்பட்ட நேரம், கொட்டியபோது இருந்த சூடு, உருட்டி முடித்தபோது இருந்த சூடு ஆகியவற்றைக் குறித்த ஏடு வேலை நடக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும், கேட்கும் குடிமகனுக்குக் காட்டவேண்டும். சாலையைத் துளையிட்டு இறுக்கம் பார்க்கும்போது, வழவழப்பான இடமாகத் தேடிப்பார்த்துத் துளையிடாமல் திட்டிலும் துளையிடவேண்டும். ஆறிய சரக்கைத் திருப்பச் சொன்ன தொழிலாளியின் வேலைக்குக் காப்பு வேண்டும்.

புதுக்கோட்டை 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெயர்ப்பலகை மாறியது, மகிழ்ச்சி. திருக்கோகர்ணத்தில் நாம் அடி எண்ணிப் பார்த்த திட்டுகளையும் மாற்றட்டும். மேலே கொஞ்சம் தாரைத் தெளித்து மறைக்காமல், வெட்டியெடுத்துச் சூடான கலவையால் நிரப்பட்டும். ஐப்பசி மழை இறங்குமுன் அது முடிந்தாக வேண்டும்.