பழைய பெட்டிக்குப் புதிய மூளை

மயிலாப்பூரில் நம் வீட்டுக் கூடத்து மூலையில் இருக்கும் கணிப்பொறி, 2018-ஆம் ஆண்டு அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கிப் பூட்டப்பட்டது. மகளின் கல்லூரிப் பாடங்களும், நமது எழுத்து வேலையும், மருத்துவச் சீட்டுகளின் படிகளும், குடும்பப் புகைப்படங்களும் அதில்தான் குடியிருக்கின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை உண்டென அறிவித்தார்கள். தவணை என்றால் ஒருநாள் முடியத்தானே வேண்டும்! விண்டோஸ் 11-ஐ ஏற்ற முயன்றோம். புராசசர் தகுதியுடையதன்று என்று திரை கையை விரித்துவிட்டது.

நம்முடையது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3 2200ஜி. பெயரில் இரண்டாயிரம் இருப்பினும், உள்ளமைப்பில் அது முதல் தலைமுறையைச் சேர்ந்தது. ஆகவே மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அதற்கு இடமில்லை. தியாகராய நகரில் ஒரு கடைக்காரரை அணுகினோம். "எல்லாத்தையும் மாத்திடுங்க சார்" என்றார். புதிய ஏஎம்5 மதர்போர்டு வாங்கினால் பழைய டிடிஆர்4 ரேம் அதில் பொருந்தாது, டிடிஆர்5 வேண்டும். செயற்கை அறிவுக் கூடங்களுக்காக ஆலைகள் திசை திரும்பியதால், 2025-இன் இறுதியில் ரேமின் விலையோ மளமளவென ஏறிவிட்டது. அவர் எழுதித் தந்த மொத்தத் தொகை, மகளின் ஒரு பருவக் கட்டணத்தைத் தொட்டது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

வழி வேறொன்று இருந்தது. நம் மதர்போர்டில் உள்ளது ஏஎம்4 என்னும் சாக்கெட். 2017-இல் ரைசனோடு பரவிய அந்தச் சாக்கெட்டிலேயே, 2020-இல் வந்த ரைசன் 5000 வரிசையும் பொருந்தும். நம்முடையதைப் போன்ற பழைய பி350 போர்டுகளுக்கு அந்த வாய்ப்பை முதலில் மறுத்த ஏஎம்டி, 2022-இல்தான் மனம் இளகியது. போர்டு, ரேம், பெட்டி, பவர் சப்ளை யாவும் அப்படியே இருக்க, புராசசரை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் எவ்வளவு காலத்திற்கு? ஒரு சிப்பின் உற்பத்தி நின்றுவிட்டால், பின்னர் கிடைப்பது கடைகளில் தேங்கிய சரக்கும், பிறர் கழற்றிய பழைய சிப்புகளும்தான். இதே சாக்கெட்டின் புகழ்பெற்ற 5800எக்ஸ்3டி சிப்பின் உற்பத்தி 2024-இல் நின்றது. அதன்பின் பழைய சிப்புக்கே புதியதின் விலையைக் கேட்கலானார்கள். ஒரு போர்டு ஏற்கக்கூடிய உயர்ந்த சிப்புகளையே அனைவரும் கடைசியில் தேடுவார்கள்.

அடையாற்றில் வாழும் நம் மைத்துனருக்கு இந்த வாய்ப்பில்லை. அவருடையது ஏழாம் தலைமுறை இன்டெல். எட்டாம் தலைமுறைக்கும் 1151 என்ற அதே சாக்கெட் எண்தான். எனினும் பழைய போர்டு அதனை ஏற்காது. இதனை அறியாமல் வாங்கியிருந்தால் பணம் வீண். அவர் இப்பொழுது லினக்ஸ் மின்டுக்கு மாறி, மின்னஞ்சலும் வங்கி வேலையும் நிம்மதியாகப் பார்த்து வருகிறார்.

நாமும் ஒரு தவறு செய்ய இருந்தோம். ரைசன் 5 5600-க்கும் 5600ஜி-க்கும் ஓர் எழுத்துத்தானே வேறுபாடு என்றெண்ணினோம். அந்த 'ஜி' இல்லாத சிப்பில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியே கிடையாது. தனியே கிராபிக்ஸ் கார்டு வேண்டும். நம் பெட்டியில் அது இல்லை. ரிச்சி தெருவில் இரண்டு கடைகள் ஏறி இறங்கி, முத்திரை உடையாத 5600ஜி ஒன்றை வாங்கினோம். மூன்றாவது கடையில் பழையது மலிவாகக் கிடைத்தது. ஆனால் போர்டில் பொருத்தி ஓட்டிக் காட்ட மறுத்தார்கள். ஊசிகள் நிறைந்த பொருளைக் கண்ணால் மட்டும் பார்த்து எப்படி நம்புவது?

வீட்டுக்கு வந்ததும் திருப்புளியை எடுத்தோம். மகள் தடுத்தாள். பழைய சிப் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். இன்றேல் புதிய சிப்பைப் போர்டு அடையாளம் காணாது. அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் தடைப்பட்டால் போர்டே பயனற்றுப் போகலாம். நம் வீட்டு யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்து ஓராண்டாகிறது. மாடி வீட்டாரிடம் அவர்களுடைய யுபிஎஸ்ஸை இரவல் வாங்கி, சதவீத எண் நூறை எட்டும்வரை ஒருவரோடொருவர் பேசாமல் அமர்ந்திருந்தோம்.

"அப்பா, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூட்டோடு லேசாகத் திருகிக் கழற்றுங்கள்" என்றாள் அவள். நமக்கோ அவசரம். விசிறியை நேராக இழுத்தோம். இறுகிப்போன பசையோடு ஒட்டிக்கொண்டு புராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. மூன்று ஊசிகள் சாய்ந்தன. நல்ல வேளை, அது வெளியே போகவேண்டிய பழைய சிப். சவர பிளேடின் முனையால் அவள் அவற்றை நிமிர்த்தினாள். புதியதைப் பொருத்தும் பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

பயாஸில் டிபிஎம் வசதியை இயக்கியதும் விண்டோஸ் 11 மறுப்பின்றி ஏறியது. பழைய 2200ஜி, நிமிர்த்திய ஊசிகளோடு, புதியதின் அட்டைப் பெட்டியில் அலமாரியில் இருக்கிறது. விற்றுவிடலாம் என்றால் மகள் இசையவில்லை. யுபிஎஸ்ஸுக்குப் புதிய பேட்டரி வாங்கிய பிறகு பார்க்கலாம் என்கிறாள்.