பசியும் அச்சமும்: லத்தீன் அமெரிக்கா தரும் பாடம்

போர் நடக்கும் நாடுகளில் உயிர்கள் மலிவாகப் போவதை நாள்தோறும் செய்திகளில் பார்க்கிறோம். போர் ஏதும் அறிவிக்கப்படாமலே இரத்தம் சிந்திக்கொண்டிருக்கும் நிலப்பரப்பு ஒன்றும் உண்டு. லத்தீன் அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் உலக மக்களில் சுமார் 8 சதவீதத்தினரே வாழ்கிறார்கள். ஆனால், உலகில் நடக்கும் கொலைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் நடக்கிறது. மெக்சிகோவில் மட்டும் காணாமல் போனோர் ஒரு லட்சத்துக்கும் மேல். கொல்பவர்களிலும் கொல்லப்படுபவர்களிலும் பெரும்பாலோர் இளைஞர்கள்.

"அந்த மக்களே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நம்மைப் பற்றியும் உலகம் அப்படித்தான் சொல்கிறது. எனவே காரணங்களைப் பார்ப்போம்.

கொலம்பியா, பெரு, பொலிவியா நாடுகளில் விளையும் கோகா இலையிலிருந்து கொக்கைன் தயாராகிறது. அதை வாங்கும் பெரும் பணக்காரச் சந்தைகள் அமெரிக்காவும் ஐரோப்பாவும். மெக்சிகோவில் பிடிபட்டு, எங்கிருந்து வந்தன என்று ஆராயப்படும் துப்பாக்கிகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தவை. போதைப்பொருள் வடக்கே போகிறது. ஆயுதம் தெற்கே வருகிறது. பிணங்கள் தெற்கிலேயே விழுகின்றன.

எல் சால்வடாரின் கதை இன்னும் தெளிவானது. 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் மாண்டனர். உயிர் தப்பி லாஸ் ஏஞ்சல்ஸ் சென்ற அகதிகளின் பிள்ளைகள் அங்குள்ள தெருக் கும்பல்களில் சேர்ந்தார்கள். 1990-களில் அமெரிக்கா அவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது. வேலையும் இல்லை, உறவும் இல்லை, கும்பல்தான் குடும்பமானது. 2015-இல் அந்நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 100-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன.

2022 மார்ச் இறுதியில் மூன்றே நாட்களில் 87 பேர் கொல்லப்பட்டதும், அதிபர் நயீப் புகேலே அவசரநிலையை அறிவித்தார். 80,000-க்கும் அதிகமானோர் கைது செய்யப்பட்டனர். கொலைகள் வெகுவாகக் குறைந்தன. 2024-இல் அரசுக் கணக்குப்படி 114 மட்டுமே. கடைக்காரர் மாமூல் கட்டாமல் கடை திறக்கிறார், தாய் பயமின்றிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார். இதைச் சிறுமைப்படுத்த நமக்கு உரிமையில்லை.

பாலஸ்தீன வம்சாவளியைச் சேர்ந்த அவருடைய தந்தை இஸ்லாத்தை ஏற்று இமாமாகப் பணியாற்றியவர். அதனால் நம்மில் சிலருக்கு அவர்மீது ஈர்ப்பு வரலாம். ஆனால் நீதிக்கு உறவுமுறை தெரியாது. கைதானவர்களில் ஆயிரக்கணக்கான நிரபராதிகள் விடுவிக்கப்பட்டதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் காவலில் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. கோவை வழக்கில் 9 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த அப்துல் நாசர் மதனி 2007-இல் விடுதலையானதைப் பார்த்த சமுதாயம், சந்தேகத்தின் பேரில் நடக்கும் கைதுகளுக்குக் கைதட்டலாமா? ஒருவர் பாவச் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் திரும்பத் திரும்பக் கூறும் நெறி.

வேறு வழி இல்லையா? கொலம்பியாவின் மெதெயின் நகரில் 1991-இல் ஒரு லட்சம் பேருக்கு 350-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. இன்று அது 20-க்கும் கீழ். இராணுவ நடவடிக்கைக்கும் ஆயுதக் குழுக்களோடு ஏற்பட்ட உடன்பாடுகளுக்கும் இதில் பங்குண்டு. அத்தோடு, 2004 முதல் மலைச்சரிவுச் சேரிகளுக்குக் கம்பிவட ஊர்திகள் ஓடின, நூலகங்களும் பள்ளிகளும் எழுந்தன. அரசு காவலரை மட்டும் அனுப்பாமல் ஆசிரியரையும் அனுப்பியது.

குறைஷிகளுக்கு அல்லாஹ் நினைவூட்டிய அருட்கொடைகள் இரண்டு: பசிக்கு உணவு, அச்சத்துக்கு அபயம். இரண்டையும் ஒரே வசனத்தில் இணைத்தான் (106:4). ஒன்றைப் பறித்துக்கொண்டு மற்றொன்றை நிலைநிறுத்த முடியாது. இறுதி ஹஜ் பேருரையில் அறியாமைக்காலப் பழிக்குப்பழிகளை ரத்துச் செய்த நபி (ஸல்) அவர்கள், தம் சொந்தக் குடும்பத்துக்கு வரவேண்டிய இரத்தப் பழியையே முதலில் தள்ளுபடி செய்தார்கள். வன்முறையின் சங்கிலி அப்படித்தான் அறுபடும்.

பள்ளிப் படிப்பை விட்டு, வேலையின்றித் தெருமுனையில் நிற்கும் பிள்ளையை யார் முதலில் அரவணைக்கிறார்களோ, அவன் அவர்களுக்கே சொந்தமாகிறான். எல் சால்வடாரில் அவனைக் கும்பல் அரவணைத்தது. நம் மஹல்லாவில் அவன் பெயர் சொல்லி அழைப்பது யார்? பெற்றோரும் ஜமாஅத் நிர்வாகிகளும் இந்தக் கேள்விக்கு இன்றே விடை தேடட்டும்.