குகைப் பிராணிகள் குறைப்பட்ட பிராணிகளா?

குகைகளில் வாழும் பிராணிகளைப் பற்றி நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. இருட்டிலே அகப்பட்டுக்கொண்ட சில ஜீவன்கள், கண்ணுக்கு வேலை இல்லாமையால் கண்ணையும், வெயில் படாமையால் நிறத்தையும் இழந்து, வெளியுலகின் போட்டிக்குத் தாங்கமாட்டாமல் பழைய யுகமொன்றின் மிச்சமாக எப்படியோ காலம் தள்ளிக்கொண்டிருக்கின்றன என்றும், அவை ஒண்டியிருக்கும் குகையோ உலகத்தோடு ஒட்டுறவற்ற பாழிடம் என்றும், ஆகையால் அவற்றால் நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்றும் பள்ளிப் புத்தகம் முதல் பத்திரிகைத் துணுக்கு வரையில் ஒரே ராகமாகப் பாடப்பட்டு வருகிறது. கேட்பதற்கு நியாயமாக இருப்பதனாலேயே இதை நிறுத்திவைத்துச் சோதிப்பவர் குறைவு. இந்த அபிப்பிராயத்தை அங்கம் அங்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன பிரமாணம் இருக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் கண். உபயோகிக்காத உறுப்பு தேய்ந்து மறையும், அந்தத் தேய்வு சந்ததிக்கும் இறங்கும் என்பது லாமார்க்கின் சித்தாந்தம். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டித் தழை தின்று கழுத்தை நீட்டிக்கொண்டது என்ற கதையை வகுப்பிலே சிரித்துத் தள்ளிவிட்டு, வைஸ்மன் என்பவர் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை நறுக்கியும் வாலில்லாத எலி ஒன்றுகூடப் பிறக்கவில்லை என்று எடுத்துக்காட்டுகிற ஆசிரியரே, குருட்டு மீனிடம் வந்து சேர்ந்ததும் லாமார்க்கை மறுபடி வரவழைத்து ஆசனம் போட்டு அமர்த்திவிடுகிறார். அவரை மாத்திரம் குறை கூறுவதற்கில்லை. டார்வினே 1859-இல் வெளியிட்ட தம் பெருநூலில் குகைப் பிராணிகளின் குருட்டுத்தன்மையை உபயோகமின்மையின் கணக்கிலேதான் எழுதினார். இருட்டில் கண் வீணான பொருளாக இருக்கலாமே தவிர, உடையவனுக்கு நஷ்டம் விளைப்பதாகவும் இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

தோன்றாததைத் தோன்றச் செய்தது மெக்ஸிகோ நாட்டின் சுண்ணாம்புமலைக் குகைகளில் உள்ள ஒரு சிறு மீன். அஸ்டியானாக்ஸ் என்பது அதன் பெயர். இதே மீன் வெளியே ஆறுகளில் பெரிய கண்ணும் வெள்ளி மினுக்குமாகத் திரிகிறது; ஏறக்குறைய முப்பது குகைகளுக்குள் கண்ணில்லாமல், ரத்தம் தெரியும் வெளிர் ரோஜா நிறத்தில் நீந்துகிறது. 1936-இல் குகை மீனைத் தனி இனமென்றே கருதிப் பெயரிட்டார்கள். ஆனால் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் கலந்து குஞ்சு பொரிக்கின்றன. அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து சந்ததி பெறுகின்றன. ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வேறென்ன பாக்கியம் வேண்டும்?

கருவிலிருக்கும் குகைமீனைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள் முதலில் கண்டது, அதற்குக் கண் இருக்கிறது என்பதைத்தான். முட்டை கருவுற்ற முதல் நாளிலேயே விழிக்கிண்ணமும் அதனுள் வில்லையும் ஒழுங்காக உருவெடுத்துவிடுகின்றன. அதற்குப் பிறகே வில்லையின் செல்கள் ஆணையிட்டாற்போல மடியத் தொடங்குகின்றன. வளர்ச்சி நின்ற கண் உள்ளே அமிழ்ந்து, மேலே தோல் மூடிக்கொள்கிறது. யமமோட்டோ, ஜெஃப்ரி என்னும் இருவர் ஆற்றுமீனின் கருவிலிருந்து வில்லையை எடுத்துக் குகைமீனின் கருவில் ஒரு பக்கத்தில் மாத்திரம் பதித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: பதித்த பக்கத்தில் பாவையும் கருவிழியுமாக முழுக்கண் வளர்ந்தது, மறுபக்கம் வழக்கம்போல் மூடிக்கொண்டது. குகைமீனின் வில்லையை ஆற்றுமீனுக்கு வைத்தபோதோ, ஆற்றுமீனின் அந்தக் கண் அழிந்தது. எத்தனையோ ஆயிரம் ஆண்டு இருட்டில் கிடந்து தேய்ந்து போயிருந்தால், விழித்திரையும் கருவிழியும் செய்யும் சாமர்த்தியம் அந்த உடம்பில் எங்கே மிஞ்சியிருக்கும்? சாமர்த்தியம் அப்படியே இருக்கிறது. நடுவழியில் அதை நிறுத்தும் ஏற்பாடு ஒன்று புதிதாக வந்திருக்கிறது.

இதற்கு மறுபக்கத்தார் சொல்லக்கூடிய சாதுரியமான பதில் ஒன்று உண்டு. ‘லாமார்க் வேண்டாம், இருட்டில் கண்ணின் பழுது யாருக்கும் கெடுதல் செய்வதில்லை, ஆகையால் பழுதுகள் தடையின்றிச் சேர்ந்து சேர்ந்து கண் போயிற்று’ என்பார்கள். இது மதிக்கத்தக்க வாதம். நிறத்தின் விஷயத்தில் இதற்கு ஓரளவு இடமும் கொடுக்கவேண்டும். ஏனெனில் கரும்புள்ளிச் செல்களின் எண்ணிக்கையை ஆளும் ஜீன்களை ஆராய்ந்தபோது, குகைமீனிடமிருந்து வந்த சில ஜீன்கள் அவற்றைக் குறைக்கின்றன, சில கூட்டுகின்றன. கேட்பாரற்று நடந்த காரியத்தின் லட்சணம் இதுவே. கண்ணின் அளவை ஆளும் ஜீன்களோ எல்லாம் ஒரே திசையில், சிறுக்கும் திசையிலேயே, தள்ளுகின்றன. யாரும் தள்ளாத வண்டிகள் அத்தனையும் ஒரே பக்கம் உருளுமா?

தள்ளுகிற கை எது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிராம் எடையுள்ள மீன் சும்மா இருக்கும்போது செலவழிக்கிற சக்தியில் சுமார் 15 சதவீதம் கண்ணுக்கும், அதைச் சார்ந்த மூளைப் பகுதிக்கும் போய்விடுகிறது என்று 2015-இல் அளந்து சொன்னார்கள். எட்டு கிராமுக்கு மேல் வளர்ந்த மீனில் இது 5 சதவீதமாகக் குறைகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் கொண்டுவந்து தள்ளினால் உண்டு, இல்லையேல் பட்டினி என்றிருக்கும் இடத்தில், இந்தச் செலவை நிறுத்தியவனுக்கு அது வாழ்வா சாவா என்னும் வித்தியாசம். போதாததற்கு, கண்ணை நிறுத்தும் சமிக்ஞையே தாடையையும் வாயின் ருசி மொட்டுகளையும் பெருக்குகிறது. கண்ணைக் கொடுத்து வாயை வாங்கிக்கொண்ட வியாபாரம் அது, தேய்மானம் அல்ல. இந்த வியாபாரம் எல்லாக் குகைகளிலும் ஒரே விதமாக நடக்கவும் இல்லை. 2008-இல் போரோவ்ஸ்கி என்பவர் வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களைக் கலந்து இனவிருத்தி செய்தபோது, குருட்டுத் தாய்க்கும் குருட்டுத் தந்தைக்கும் பிறந்த சில குஞ்சுகள், சுழலும் கோடுகளைப் பின்தொடர்ந்து நீந்தின. ஒரு குகையில் கெட்டது ஒரு ஜீன், மற்றொன்றில் கெட்டது வேறு. ஒருவர் குறையை மற்றவர் நிரப்பிவிட்டார்.

அடுத்தது, இவை நலிந்த பிராணிகள் என்ற பேச்சு. பார்வை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் நலிவுதான். ஆனால் இந்த மீன், நீரிலே ஏதோ விழுந்து துடிக்கும் அதிர்வை உடம்பின் தோலாலேயே உணர்ந்து, ஆற்றுமீனுக்கு முன்னே அவ்விடம் போய்ச் சேர்கிறது. இதைவிட ஆச்சரியம் அதன் ரத்தத்தில் இருக்கிறது: இன்சுலினுக்கு அது சரியாகக் கட்டுப்படுவதில்லை. இன்சுலினை ஏற்கும் புரதத்தின் ஜீனில் மனிதருக்கு நேர்ந்தால் கடும் நோயாக முடிகிற அதே மாற்றம் இதனிடத்தில் இருப்பதாக 2018-இல் கண்டறிந்தார்கள். அப்படியிருந்தும் அது கொழுத்து, நோயின்றி, நெடுநாள் வாழ்கிறது. வீட்டுக்கொரு சர்க்கரை நோயாளி உள்ள நம் ஊரில் இதைப் படிக்கிறவர், நலிந்தது எந்த ஜாதி என்று ஒரு கணமாவது யோசிக்கக்கூடும்.

ஐரோப்பாவின் புரோட்டியஸ் என்னும் குகைப் பிராணி மற்றொரு சாட்சி. ஸ்லோவேனியாவின் நிலத்தடி ஆறுகளில் வாழும், ஒரு சாண் நீளத்துக்குச் சற்றே மிகுந்த இந்த வெளுத்த பிராணியை, வெள்ளத்தில் வெளியே அடித்து வரக் கண்ட ஜனங்கள் யாளிக்குட்டி என்று நம்பினதாக வால்வஸோர் என்பவர் 1689-இல் எழுதிவைத்தார். பிரான்ஸில் மூலி என்னும் ஊரின் குகை ஆராய்ச்சிச்சாலையில் இதைப் பல பத்தாண்டுகளாக வளர்த்துக் கணக்கிட்டதில், பருவமடையப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது, பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை முட்டையிடுகிறது, நூறு ஆண்டுக்கு மேலும் உயிர் வாழக்கூடும் என்று தெரிந்தது. எடையோ இருபது கிராம்தான். ஹெர்ஸகோவினாவில் ஒன்று 2,569 நாட்கள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை என்று பதிவாகியிருக்கிறது. சோம்பேறித்தனம் என்று சொல்வதானால் சொல்லிக்கொள்ளலாம். அலைந்து செலவழிப்பதைவிட அசையாதிருப்பது லாபம் என்று அறிந்த பிராணியை வேறெப்படி இருக்கச் சொல்வது?

பழைய யுகத்தின் மிச்சம் என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மெக்ஸிகோ மீன் குகை புகுந்தது பூமியின் கணக்கில் நேற்றைக்கு. இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டதென்றும், அதைவிட மிகக் குறைவென்றும் மதிப்பிடுகிறார்கள். புரோட்டியஸிலேயே, கறுத்த தோலும் வேலைசெய்யும் கண்ணும் உள்ள வகையொன்று 1986-இல் ஸ்லோவேனியாவின் தென்கிழக்கு மூலையில் அகப்பட்டது. தேய்வு ஒன்றே குகையின் விதி என்றால் இது அந்த விதிக்கு எப்படித் தப்பிற்று?

கடைசி வாதந்தான் காரியத்தில் அதிகக் கேடு விளைப்பது: குகை உலகத்தோடு ஒட்டாத பாழிடம் என்பது. நம்மவர் லட்சக்கணக்கில் தைப்பூசத்துக்கு ஏறுகிற மலேசியாவின் பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். அந்த 272 படிகளில் ஏறும்போது சற்று விலகினால் இருட்டுக் குகையின் வாசல். அதனுள்ளே படிந்திருக்கும் வௌவால் எச்சத்தின்மேல்தான் அங்கே சகல சம்சாரமும் நடக்கிறது. எச்சத்தைக் கரப்பானும் அந்துப்பூச்சியின் புழுவும் தின்கின்றன, அவற்றைப் பூரானும் சிலந்தியும் பிடிக்கின்றன. வௌவாலையே பிடித்துத் தின்ன, மலேயா நாட்டில் ரப்பரைப் பரப்பிய ரிட்லியின் பெயரைத் தாங்கிய வெளிர்நிறப் பாம்பு ஒன்று சுவரிடுக்கில் காத்திருக்கிறது. பாறையில் கூடு கட்டும் ஒரு சிலந்தியை அருகே போய்ப் பார்க்க வேண்டும். முதுகில் மற்றச் சிலந்திகளுக்கில்லாத தகடுகள்; கூட்டுக்கு மூடுகிற கதவு; கதவின் விளிம்பிலிருந்து விசிறிபோல் ஓடும் சில நூல்கள். பூச்சி ஒன்று நூலில் கால் இடறியதும் கதவு திறந்து சிலந்தி பாய்கிறது. இதன் வம்சம் மெய்யாகவே தொன்மையானது, ஆனால் அந்தத் தொன்மைக்கும் குகைக்கும் சம்பந்தமில்லை. இதன் உறவினங்கள் காட்டு மண்கரைகளில் இன்றும் வெளிச்சத்திலே வாழ்கின்றன.

அந்த எச்சம் எங்கிருந்து வந்தது? பத்துமலையில் தங்கும் தேன்வௌவால்கள் இரவில் பல மைல் பறந்து, கடற்கரைக் கண்டல் மரங்களிலும் டுரியான் தோப்புகளிலும் தேன் குடித்துத் திரும்புகின்றன. மாலையில் மலரும் டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது முக்கியமாக இந்த வௌவால்தான். கோலாலம்பூர்ச் சந்தையில் டுரியானுக்கு விலை பேசுகிறவருக்கும் குகைக்கும் ஒட்டுறவில்லை என்று சொல்ல முடியுமா? வெளியிலிருந்து சோறு வராத குகையும் உண்டு, இல்லாமல் இல்லை. ருமேனியாவில் 1986-இல் நிலத்தைத் துளைத்தபோது வெளிப்பட்ட மொவீலே குகையில், கந்தக வாயுவையும் மீத்தேனையும் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள் நீரின்மேல் ஆடைபோல் படர்ந்து உணவு உண்டாக்குகின்றன. அதை நம்பி வாழும் பிராணி இனங்களில் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. இதையும் பாழிடம் என்பவரோடு வாதிப்பதற்கில்லை.

இந்த ஒட்டுறவைக் காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. கேரளத்துச் செம்பாறைக்கு அடியில் ஓடும் நீரிலும் குருட்டுக் கெளிறுகள் வாழ்கின்றன. முதலாவது 1950-இல் கோட்டயத்துக் கிணற்று மீனாக விவரிக்கப்பட்டது; பிறகு வந்தவையும் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் கிணற்று வாளியிலும் குழாய்நீரிலும் கண்டு கொடுத்தவையே. 2023-இல் அவற்றுள் ஒன்றுக்கு ஜனங்களைக் குறிக்கும் பெயரையே இட்டார்கள். மீன் குடிக்கும் நீரும் அந்த வீட்டார் குடிக்கும் நீரும் ஒன்றே. ஸ்லோவேனியாவின் க்ருபா ஊற்றில் இது வேறு விதமாக நிரூபணமாயிற்று. மின்தேக்கி செய்யும் ஆலையொன்றின் கழிவை அப்பிரதேசத்துச் சுண்ணாம்புப் பள்ளங்களில் பல ஆண்டுகள் கொட்டிவந்தார்கள், அதிலிருந்த பி.சி.பி. என்னும் நஞ்சு நிலத்தடியே இறங்கி ஊற்றில் வெளிப்பட்டது 1980-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அந்நஞ்சு புரோட்டியஸின் உடம்பிலும் காணப்பட்டது. க்ருபாவிலிருந்து சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் எடுக்கும் திட்டமும் அத்தோடு கைவிடப்பட்டது.